கம்பியை விட ரொட்டி முக்கியம்

யூதர்களின் ஏருவ், அதாவது ஓய்வுநாளில் பொருள்களைத் தூக்கிச் செல்ல வழிசெய்யும் எல்லை ஏற்பாடு, பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் கம்பியைத்தான் கேட்கிறார்கள். ஓய்வுநாளில் வீட்டிலிருந்து தெருவுக்கு எதையும் தூக்கிச் செல்லக் கூடாது. குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளுவதும் கூடாது. ஊரைச் சுற்றி மதிலோ, கம்பங்களின் உச்சி மீது ஓடும் கம்பியோ இருந்தால் ஊரே ஒரு வளாகமாகிவிடும், அதற்குள் தூக்கிச் செல்லலாம். கம்பி அறுந்தால் செல்லாது என்பதால் வாராவாரம் சுற்றிப் பார்க்கிறார்கள்.

ஆனால் வேலி மட்டும் போதாது. உள்ளே இருக்கும் குடும்பங்கள் உணவிலும் கூட்டாளிகளாக வேண்டும். நில அளவையாளனாக வேலை பார்த்தவன் நான். ஒரு முழ வரப்புக்காக அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போனதைக் கண்டவன். எல்லை போடும் சட்டம் ஒன்று, 'முதலில் ரொட்டியைக் கொண்டு வா' என்பது என்னை உலுக்கிவிட்டது.

ஒரே முற்றத்தைச் சுற்றி வாழும் வீடுகள் தரும் ரொட்டி சிறியதானாலும் முழுதாக இருக்க வேண்டும். பெரிய ரொட்டியின் துண்டு செல்லாது. 'நான் முழுசு தந்தேன், நீ துண்டு தந்தாய்' என்று மனத்தாங்கல் வருமே என்பதுதான் யூதச் சட்ட விவாத நூலான தல்முத் சொல்லும் காரணம். எருசலேம் தல்முதில் ஒரு கதை: பகையாயிருந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒருத்தி தன் பங்கை மகனிடம் கொடுத்தனுப்பினாள். பக்கத்து வீட்டுக்காரி பையனைக் கட்டியணைத்து முத்தமிட்டாள். பையன் வந்து சொன்னதும் தாய், 'என் மேல் இவ்வளவு அன்பா! தெரியாமல் போயிற்றே' என்றாள். பகை தீர்ந்தது. முற்றங்களில் ஏருவ் வைப்பது சமாதானத்துக்காக என்று சொல்லித்தான் இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

சேர மறுப்பவர் இருந்தால் சிக்கல். எருசலேமில் தங்கள் சந்தில் ஒரு சதுசேயர் (வாய்மொழிச் சட்டத்தை ஏற்காத யூதப் பிரிவினர்) குடியிருந்ததாகவும், அவர் முந்திக்கொண்டு தம் பொருளை வெளியே வைத்து மற்றவர்களைத் தடுத்துவிடாதபடி பாத்திரங்களைச் சீக்கிரம் வெளியே வைக்கச் சொல்லித் தம் தந்தை அவசரப்படுத்தியதாகவும் பழங்கால யூத அறிஞர் ரபன் கமாலியேல் சொல்கிறார்.

இன்று ஊர் முழுவதற்கும் ஒருவரே உணவு வைத்து, மற்றவர்களுக்கும் அதில் உரிமை தந்துவிடலாம். பதினெட்டுப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் இரண்டு வேளைச் சாப்பாட்டு அளவு போதும். சீக்கிரம் கெடாத மாட்சா ரொட்டி பல ஊர்களில் தொழுகைக்கூடத்தில் இருக்கும். யூதரல்லாதார் வாழும் இடத்துக்கு ஊர் நிர்வாகத்திடம் பெயரளவுக்கு ஒரு தொகை கொடுத்து வாடகை உரிமை பெறுகிறார்கள். பெரிய நகரத்துக்கு வேறு வழியில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பையன் பக்கத்து வீட்டுக்கு நடந்த நடை இதில் இல்லையே என்று எனக்கு வருத்தம்தான்.

பலருடைய ஊராகத் தொடங்கியதை ஏருவுக்குள் முழுவதும் சேர்க்கக் கூடாது, ஒரு பகுதியை வெளியே விடவேண்டும் என்றும் தல்முதுக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. தூக்கிச் செல்ல அனுமதி ஏருவால்தான் கிடைக்கிறது என்பதை மக்கள் மறக்காதிருக்கவே இந்த ஏற்பாடு. எவ்வளவு விடுவது? யூதேயாவில் ஐம்பது பேர் வாழ்ந்த ஹதாஷா ஊர் அளவு என்கிறார் மத ஆசான் ரபி யெகூதா. இரண்டிரண்டு வீடுகள் கொண்ட மூன்று முற்றங்கள் போதும் என்கிறார் ரபி சிமியோன். ஒரே ஒரு வீடும் ஒரு முற்றமும் போதும் என்று தல்முதில் ரபி ஈசாக்கு இன்னும் குறைக்கிறார். எனக்கு ரபி யெகூதாவின் அளவே சரியென்று படுகிறது. ஒற்றை வீட்டை ஊர் எளிதில் மறந்துவிடும்.