சிறைப்பட்ட தளபதி சொன்ன கதை

புனித தேவசகாயம் பிள்ளையின் சுவடுகளைத் தேடிப் போன நானும் அக்காவும் உதயகிரிக் கோட்டையிலிருந்து தொடங்கினோம். அங்கே கூரையில்லாத பழைய சிற்றாலயத்துக்குள் டி லனாயின் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் வெட்டிய எழுத்துகள். 1741இல் குளச்சல் போரில் தோற்று திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படைத் தளபதி அவர். பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, இந்த மண்ணிலேயே 1777இல் இறந்தார்.

ஞானஸ்நானத்துக்கு முன் தேவசகாயத்தின் பெயர் நீலகண்ட பிள்ளை. நட்டாலத்தில் பிறந்தவர், அரண்மனை அலுவலர். அவர் குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள். மனம் உடைந்து நின்றவருக்கு டி லனாய் விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார் என்கிறார்கள். மாடு, ஆடு, பிள்ளைகள் என்று எல்லாம் போன பிறகும் "ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்" என்று சொன்ன மனிதனின் கதை. ஆறுதல் சொன்னவர் யார் என்பதுதான் என்னை அந்தக் கல்லறை முன்னால் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தது. போரில் தோற்று, ஊர் திரும்ப வழியில்லாமல் போன ஒருவர். ஜெயித்தவர் வாயிலிருந்து யோபு கதை வந்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

அந்த நேரத்தில் எங்கள் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். எனக்கு வேலையும் போயிருந்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்குக் குறைவில்லை.

1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார் தேவசகாயம். அதோடு கஷ்டம் தீர்ந்ததா என்றால், பெரிய கஷ்டம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. 1749இல் கைது. எருக்கம்பூ மாலை போட்டு, எருமை மேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அடித்த காயங்களில் மிளகாய்ப் பொடி தடவினார்கள்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே புலியூர்க்குறிச்சி. தாகத்தில் தவித்தவர் ஜெபித்துவிட்டு முட்டால் பாறையில் இடிக்க, தண்ணீர் சுரந்ததாம். முட்டிடிச்சான் பாறை என்றே பெயர். பெரிய ஊற்று என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். பாறையில் ஒரு சிறு குழி, அவ்வளவுதான். ஆனால் அந்த அளவு எனக்குப் பிடித்திருந்தது. விலங்கு கழன்று விழவில்லை, காவலர்கள் ஓடிப்போகவில்லை. அடுத்த அடி எடுத்துவைக்க ஒரு வாய்த் தண்ணீர் கிடைத்தது.

அப்புறம் ஆரல்வாய்மொழி, காற்றாடிமலை. 1752 ஜனவரி 14 அன்று அவரைச் சுட்டுக்கொன்ற இடம். கணவாய்க் காற்று ஆளையே தள்ளுகிறது. அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டுதான் படியேறினாள். மேலே மணியடிச்சான் பாறையருகே நின்ற ஒரு பாட்டி, "கல்ல எடுத்துத் தட்டிப் பாரு மக்கா" என்றார். தட்டினேன். கல்லில் கல் படும் சத்தம் இல்லை அது, கணீரென்று மணிச்சத்தம். பாட்டிக்கு ஒரே சந்தோஷம், தானே செய்துவைத்த மாதிரி.

முழங்காலிட்டேன். வேலை, கடன், அப்பாவின் வலது கை என்று கேட்பதற்கு நிறைய வைத்திருந்தேன். எதைக் கேட்டாலும் அந்த இடத்தில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. திருத்தூதர் பவுலும் தன் உடலில் தைத்த முள் போன்ற வேதனையை எடுத்துவிடச் சொல்லி மூன்று முறை கெஞ்சினார். கிடைத்த பதில், "என் அருள் உனக்குப் போதும், வலுவின்மையில்தான் வல்லமை நிறைவாய் வெளிப்படும்." கடைசியில் ராத்திரி அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்க முதுகில் பலமும், அப்போது அவரிடம் எரிந்து விழாத நாக்கும் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். இரண்டாவதுதான் எனக்கு அவசரம்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவரது கல்லறை. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். அக்கா அங்கே வெகுநேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் அம்மாவிடமிருந்து போன். அப்பா காலையிலிருந்து சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிறாராம்.

"சரிம்மா, நான் வந்து ஊட்டுறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினோம்.