கொலைகாரனுக்குத் துணைக்குப் போன தத்தன்: திருக்கோவிலூர் தரிசனம்

திருக்கோவிலூர் என்றதும் பலருக்கும் உலகளந்த பெருமாள்தான் நினைவுக்கு வருவார். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. காலைத் தூக்கி நிற்கும் அந்தத் திருமேனியைச் சேவித்த கையோடு வண்டியேறிவிடுகிறவர்கள் நிறைய. அதே ஊரில் கீழையூர்ப் பக்கம், தென்பெண்ணைக் கரையை ஒட்டி இருக்கிற வீரட்டேஸ்வரர் கோயிலில் கூட்டம் குறைவு. சம்பந்தரும் அப்பரும் பாடிய நடுநாட்டுத் தலம் அது. நானும் சித்தப்பாவும் முதலில் போனது அங்கேதான். மெய்ப்பொருள் நாயனார் ஊராயிற்றே!

அட்ட வீரட்டானம் என்று எட்டுத் தலங்கள். எட்டிலும் சிவபெருமான் யாரையாவது சம்ஹாரம் செய்திருக்கிறார். இங்கே அந்தகாசுரன். பார்வதி விளையாட்டாக ஈசனின் கண்களைப் பொத்தியபோது கவிந்த இருட்டில் பிறந்தவன் அவன். அவனை அடிக்க அடிக்க, கீழே விழுந்த ஒவ்வொரு சொட்டு ரத்தத்திலிருந்தும் இன்னொரு அசுரன் எழுந்து வந்தான் என்கிறது புராணம். சூலம் சிவனுடையது, சந்தேகமில்லை. ஆனாலும் குத்தக் குத்த எதிரி பெருகினானே தவிரக் குறையவில்லை. கடைசியில் காளி கபாலத்தை நீட்டி, ரத்தம் மண்ணில் விழாமல் ஏந்திக்கொண்ட பிறகுதான் போர் ஒரு முடிவுக்கு வந்தது. அந்தகனும் அழிந்தே போகவில்லை, சிவகணங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டான். இந்தத் தலத்தில் 64 பைரவர்கள் தோன்றினார்கள், வாஸ்து புருஷன் பிறந்தது இங்கேதான் என்பதெல்லாம் இதே கதையின் கிளைகள். வீடு கட்டப் போகிறவர்கள் வந்து வேண்டிக்கொள்வதும் அதனால்தான். எனக்கு மனதில் நின்றது அந்தக் கபாலம்.

மெய்ப்பொருளார் கதை தெரிந்ததுதான், இருந்தாலும் அவர் சன்னதி முன்னால் நின்று ஒருமுறை நினைத்துப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. சேதி நாட்டு மன்னர் அவர், தலைநகர் இந்த ஊர். முத்தநாதன் என்ற பகையரசன் அவரிடம் பலமுறை போரிட்டுத் தோற்றவன். நேரில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் உடம்பெல்லாம் திருநீறு பூசி, சடையை முடிந்து, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்கு வந்தான். சிவனடியார் என்பதால் எந்த வாசலிலும் யாரும் தடுக்கவில்லை. கடைசி வாசலில் மட்டும் தத்தன் என்ற காவலன், "மன்னர் பள்ளிகொண்டிருக்கிறார், இப்போது வேண்டாம்" என்றான். மீறி நுழைந்தவன், எங்கும் கிடைக்காத ஆகமம் ஒன்று கொண்டு வந்திருக்கிறேன், தனியாகத்தான் சொல்ல வேண்டும் என்றான். மன்னர் அரசியை அனுப்பிவிட்டு, அவனை ஆசனத்தில் இருத்தி, தாம் தரையில் அமர்ந்து வணங்கினார். அந்த நேரம் பார்த்துக் குத்தினான்.

தத்தனுக்கு முதலிலேயே மனசு சரியில்லை. உள்ளே பாய்ந்து வந்து வாளை ஓங்கினான். அப்போது மன்னர் சொன்னதுதான் "தத்தா, நமர்." இவர் நம்மவர் என்று சொல்லிக்கொண்டே கை நீட்டித் தடுத்துச் சாய்ந்தார்.

நான் எப்போதும் இந்த இடத்தில் மெய்ப்பொருளாரை நினைத்துத்தான் உருகுவேன். இந்த முறை தத்தன்தான் கண்ணில் நின்றான். மன்னர் விதித்தது சின்ன வேலையா? குத்தியவனுக்கு வழியில் யாராலும் ஆபத்து வராமல் கொண்டுபோய் விட்டு வா என்கிறார். விஷயம் அதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஜனங்கள் திரண்டு வந்து மறிக்கிறார்கள். எல்லோர் கண்ணிலும் கொலைவெறி. அவர்களுக்கு இருக்கிற அதே கோபம் தத்தனுக்கும் இருந்திருக்கும், ஒருவேளை அதிகமாகவே. அவன் ஒவ்வொருவரையும் தடுத்து, இது அரசர் ஆணை என்று சொல்லிச் சொல்லி விலக்கி, எஜமானனைக் கொன்றவனுக்குத் தன் உடம்பையே கேடயமாக்கி ஊர் எல்லை தாண்டி, ஆள் நடமாட்டமில்லாத காட்டு வழியில் விட்டுத் திரும்புகிறான். அந்தச் செய்தியைக் கேட்கத்தான் மன்னர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டதும், இன்று ஐயன் எனக்குச் செய்ததை வேறு யார் செய்ய முடியும் என்று நன்றி சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். காளி கபாலம் ஏந்தியதைப் போல, அன்றைக்கு இரண்டாவது துளி ரத்தம் விழாமல் பார்த்துக்கொண்டவன் தத்தன்.

சித்தப்பா இதை லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "ராஜா மன்னிச்சிட்டாருப்பா, சரி. செத்தது அவரு, மன்னிக்க அவருக்கு உரிமை இருக்கு. அவரு பொண்டாட்டி பிள்ளைங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்றார். எங்கள் வீட்டில் பங்காளிகளோடு வரப்புத் தகராறு தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. முதலில் வரப்பை வெட்டினார்கள், அப்புறம் தென்னங்கன்றை, அப்புறம் ஒரு ஆளின் கையை. இப்போது கோர்ட்டில் இருக்கிறது. யார் ஆரம்பித்தது என்று கேட்டால் இரண்டு வீட்டிலும் வேறு வேறு பதில் வரும், இரண்டும் பிசிறில்லாமல் மனப்பாடமாக வரும். அதனால் அவர் கேள்வியை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெய்ப்பொருளார் போரே செய்யாதவர் இல்லை. அவர் முத்தநாதனைக் காப்பாற்றியதும் திருநீற்றின் மேல் வைத்த பக்தியால்தான். சேக்கிழார் அகிம்சைப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. ஆனால் பலமுறை போரில் வென்றும் தீராத பகை அது. கடைசியில் பழி தீர்த்துக்கொண்ட முத்தநாதனுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று பார்த்தால் பெரியபுராணத்தில் ஒன்றும் இல்லை. காட்டுக்குள் போனான், அவ்வளவுதான். சுந்தரரோ குத்துப்பட்டு விழுந்தவரைத்தான் "வெல்லுமா மிகவல்ல மெய்ப்பொருளுக் கடியேன்" என்று பாடுகிறார்.

கோயிலிலிருந்து ஆற்றுப் பக்கம் வந்தால் கபிலர் குன்று. பெண்ணையாற்றுக்குள் தனியாக நிற்கும் பாறை, உச்சியில் சின்னதாக ஒரு கோயில். பாரியின் பறம்பு நாட்டில் 300 ஊர்கள். அத்தனையையும் இரவலருக்கே கொடுத்துவிட்டவனை மூவேந்தரும் சேர்ந்து முற்றுகையிட்டுக் கொன்றார்கள். அவனுடைய உயிர் நண்பர் புலவர் கபிலர் அதற்குப் படை திரட்டப் போகவில்லை. அநாதையாகிவிட்ட பாரியின் இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு விச்சிக்கோன், இருங்கோவேள் என்ற சிற்றரசர்களிடம் போய், இவர்களை மணந்துகொள் என்று கேட்டார். இரண்டு பேரும் மறுத்தார்கள். இருங்கோவேளிடம் கபிலர் கோபித்துக்கொண்டதும் உண்டு, அவர் ஒன்றும் கோபமே வராத முனிவர் இல்லை. பெண்களை அந்தணரிடம் ஒப்படைத்துவிட்டு வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் உட்கார்ந்து, உயிர் விட்டார் என்கிறது புறநானூற்றின் 236ஆம் பாட்டுக் குறிப்பு. கபிலக்கல்லில் தீப்புகுந்தார் என்கிறது வீரட்டேஸ்வரர் கோயிலில் இருக்கும் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு.

மலையமான் திருமுடிக்காரிக்கும் இதே ஊர்தான். அவன் வல்வில் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். அவனுடைய கோவலூரை, அதாவது இந்த ஊரை, அதியமான் தகர்த்தான். அதியமானின் தகடூரைப் பெருஞ்சேரல் இரும்பொறை அழித்தான். காரி, ஓரி, அதியமான், பாரி நால்வருமே கடையெழு வள்ளல்கள். கேட்டவர்க்கெல்லாம் வாரிக் கொடுத்த கைகள்தான் ஒருவர் ஊரை ஒருவர் இடித்திருக்கின்றன.

அதோடும் நிற்கவில்லை. பின்னொரு சமயம் கிள்ளிவளவன் என்ற சோழன், மலையமானின் சிறு பிள்ளைகளைப் பிடித்து யானைக் காலில் இடச் சொல்கிறான். தகப்பன் மேல் இருந்த பகைக்குப் பிள்ளைகள் பலி. அந்த மன்றத்துக்கு வந்து நின்றவர் புலவர் கோவூர் கிழார். புறாவுக்காகத் தன்னையே கொடுத்த சிபியின் வழியில் வந்தவன் நீ என்று சோழனுக்கு நினைவூட்டிவிட்டு, பிள்ளைகளைக் காட்டுகிறார். அழுதுகொண்டிருந்தவை யானையைப் பார்த்ததும் அழுகையை மறந்துவிட்டன. இப்போது புதிய கூட்டத்தைப் பார்த்து மருண்டு போய் நிற்கின்றன. கேட்டாயல்லவா, இனி நீ நினைத்ததைச் செய் என்று முடித்துவிடுகிறார். பிள்ளைகள் பிழைத்தார்கள். மெய்ப்பொருளாரையும் சேக்கிழார் 'மலாடர் கோமான்' என்றுதான் சொல்கிறார், அதே மலையமான் குலம். இதைச் சொன்னபோது சித்தப்பா குன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "யானை பார்த்தா எந்தப் புள்ளையும் அழுகையை நிறுத்தும்" என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் பெருமாள் கோயிலுக்கும் போனோம். பொய்கை, பூதம், பேய் ஆழ்வார்கள் மூவரும் மழை ராத்திரியில் ஒதுங்கிய இடைகழி, அதாவது வீட்டு நடை, இந்த ஊரில்தான். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்று இடம் விட்டு நின்றார்கள். நாலாவதாகப் பெருமாளே வந்து நெருக்கினார். முந்நூறு ஊருக்காக மூன்று வேந்தர் பறம்பை வளைத்ததையும் இதையும் ஒரே நாளில் கேட்டால் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் தோன்றுகிறது. "அவங்க ஆழ்வாருங்க. நாம வரப்புக்காரங்க" என்றார் சித்தப்பா. ஆனால் துளசி வாங்கும்போது பங்காளி வீட்டுப் பேரனுக்கும் சேர்த்து அர்ச்சனை செய்யச் சொன்னார். பரீட்சை எழுதுகிறானாம்.

போக விரும்புகிறவர்களுக்கு: திருக்கோவிலூர் இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பேருந்து உண்டு, விழுப்புரம்–காட்பாடி பாதையில் ரயில் நிலையமும் உண்டு. வீரட்டேஸ்வரர் கோயிலில் பெரிய யானைக் கணபதியைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள், ஔவையாரைக் கயிலைக்குத் தூக்கிவிட்டவர் அவர்தான். மெய்ப்பொருளார் குருபூஜை கார்த்திகை மாதம் உத்திர நட்சத்திரத்தில் வரும்.