சுவருக்கு இந்தப் பக்கம்

ரசாயன ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் எடுக்கும் வகுப்பு, 1984இல் போபால் யூனியன் கார்பைடு ஆலையில் நடந்த விஷவாயுக் கசிவு இல்லாமல் முடிந்ததே இல்லை. டேங்க் எண் 610. உள்ளே 40 டன்னுக்கு மேல் மீத்தைல் ஐசோசயனேட் (எம்ஐசி) என்ற விஷ ரசாயனம். அதைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய இயந்திரம் 1984 ஜூனிலிருந்தே நிறுத்தப்பட்டிருந்தது. கசிகிற வாயுவைக் காஸ்டிக் சோடாவால் கழுவ வேண்டிய ஸ்க்ரப்பர் சும்மா நின்றது. ஓடியிருந்தாலும் அவ்வளவு வாயுவைத் தாங்கும் அளவுக்கு அது கட்டப்படவில்லை. எரித்துவிட வேண்டிய ஃப்ளேர் கோபுரத்துக்குப் போகும் குழாயில் ஒரு துண்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். பீய்ச்சிய தண்ணீர், வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை வரிசையாகச் சொல்வேன்.

2022 அக்டோபரில் ஒரு பயிற்சிக்காகப் போபால் போயிருந்தோம். நானும், என்னிடம் வேலை பழகிய நாலு பிள்ளைகளும். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை. பாதிக்கப்பட்டவர்களே அந்த இடங்களுக்கு நடத்திக் கூட்டிப்போய்ச் சொல்கிறார்கள் என்று ஒரு நண்பர் ஏற்பாடு செய்து கொடுத்தார். எனக்கு ஆர்வமெல்லாம் ஆலையை உள்ளே போய்ப் பார்ப்பதில்தான் இருந்தது. அந்த 610ஆம் டேங்கைத் தோண்டி எடுத்துப் புல்லுக்குள் போட்டிருப்பதைப் படத்தில் பார்த்திருக்கிறேன். நேரில் தொட்டுப் பார்க்க ஆசை. ஆனால் உள்ளே போக அரசு அனுமதி வேண்டும், அது கிடைக்கவில்லை. அன்று அது பெரிய ஏமாற்றம். இப்போது யோசித்தால், கிடைக்காததே நல்லதாகப் போயிற்று என்று தோன்றுகிறது.

எங்களைக் கூட்டிப்போனவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு முஸ்லிம் பெண்மணி. எல்லாரும் அவரை ஆபா என்றார்கள், அக்கா என்பதுபோல. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் என்னை பேட்டா என்றார், மகனே என்பதுபோல. குஜராத்தில் ஏழு வருஷம் வேலை பார்த்ததால் எனக்கு இந்தி புரியும். பிள்ளைகளுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். அப்படிச் சொல்வதில் ஒன்று இருக்கிறது. காதால் கேட்பதோடு தப்பித்துவிட முடியாது, ஒவ்வொரு வரியையும் நம் வாயால் சொல்லியாக வேண்டும். 'அப்பா திண்ணையிலேயே கிடந்தார்' என்பதை அவர் ஒரு முறை சொன்னார், நான் ஒரு முறை சொன்னேன்.

நடை தொடங்கியது ஜெயப்பிரகாஷ் நகரில், ஆலைச் சுவருக்கு எதிரே நிற்கும் தாய் சிலையிடம். டச்சுச் சிற்பி ரூத் வாட்டர்மேன் செய்தது. ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு, மறு கையில் குழந்தையை ஏந்தி நிற்கிறாள் அந்தத் தாய். இன்னொரு பிள்ளை அவள் சேலையைப் பற்றியிருக்கிறது. அடியில், ஹிரோஷிமா வேண்டாம், போபால் வேண்டாம், நாங்கள் வாழ விரும்புகிறோம் என்று எழுதியிருக்கிறது. ஊர் மக்களுக்கென்று அந்த இடத்தில் முதலில் எழும்பிய நினைவுச் சின்னம் அதுதான். பளிங்கு மேடை, காவல், டிக்கெட் எதுவும் கிடையாது. பக்கத்தில் ஆடு கட்டியிருந்தது. ஒரு பையன் சிலைத் திண்டில் உட்கார்ந்து பட்டத்துக்கு வால் ஒட்டிக்கொண்டிருந்தான்.

ஆபா சிலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. என்னைப் பார்த்து, "நீங்களும் இப்படி ஒரு கம்பெனியிலதான் வேலை பார்க்கிறீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உங்க கேட்டிலிருந்து முதல் வீடு எவ்வளவு தூரம்?"

ஒரு டேங்குக்கும் அடுத்த டேங்குக்கும் எத்தனை மீட்டர் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். முதல் வீடு எது என்றே யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சாலையின் அந்தப் பக்கம் சுவர், இந்தப் பக்கம் வீடுகள். நடுவில் ஒரு லாரியும் ஒரு ஆட்டோவும் ஒதுங்கிப் போகும் அகலம். அதைக் கையால் காட்டிவிட்டு நடந்தார்.

சந்துக்குள் போனோம். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு அவருக்குப் பதினாறு வயது. குளிர் காலம், எல்லாரும் ரஜாய் போர்த்திப் படுத்திருந்தார்கள். நள்ளிரவுக்கு மேல் யாரோ மிளகாய் வற்றலை நெருப்பில் கொட்டியதுபோல நெடி. அம்மா எழுந்து அடுத்த வீட்டுக்காரியைத் திட்டினாராம், இந்த நேரத்தில் என்ன சமையல் என்று. போபாலில் யாரிடம் கேட்டாலும் அந்த மிளகாய் நெடியிலிருந்துதான் தொடங்குவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ரசாயனம் படித்தவன் அதை வேறு பெயரில் எழுதுவான். கண்ணையும் தொண்டையையும் எரித்து, நுரையீரலில் நீர் கோக்க வைக்கும் வாயு. காற்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கனமானது, அதனால் தரையோடு ஊர்ந்து வரும். தரையில் படுத்திருந்தவர்களும் சின்னப் பிள்ளைகளும்தான் முதலில் அதற்குள் மூழ்கினார்கள்.

"சங்கு ஊதியதா, ஆபா?" என்று கேட்டேன். தொழில் புத்தி, வேறென்ன.

"சங்கு எப்பவும் ஊதும் பேட்டா. எதுக்கு ஊதுதுன்னு எங்களுக்கு யார் சொன்னா?" என்றார். அன்று இரவு வெளியே கேட்கும் சைரனைப் போட்டு, சில நிமிடங்களில் நிறுத்திவிட்டார்கள். மறுபடி முழுதாக ஊதும்போது மணி இரண்டு ஆகியிருந்தது. அதற்குள் ஊர் ஓடிக்கொண்டிருந்தது. தீப்பிடித்திருக்கிறது போல என்று நினைத்து, அணைக்க உதவலாம் என ஆலையை நோக்கி ஓடியவர்களும் உண்டு என்று ஆபா சொன்னார். அவருடைய மாமா ஒருவர் அப்படிப் போனவர்.

அடுத்து அவர் நின்ற இடத்தில் சின்னமும் இல்லை, பலகையும் இல்லை. ஒரு முச்சந்தி. ஒரு பக்கம் டீக்கடை, ஒரு பக்கம் சைக்கிள் பஞ்சர் கடை. "இங்கேதான் நாங்க ரெண்டாப் பிரிஞ்சோம்" என்றார். அப்பாவும் பெரிய அண்ணனும் கூட்டத்தோடு நேராக ஓடினார்கள். பாட்டியால் ஓட முடியாது என்பதால் அம்மா பிள்ளைகளோடு பக்கத்துச் சந்தில் திரும்பினார். நேராக ஓடியவர்கள் காற்று போன பக்கமே ஓடினார்கள். வாயு அவர்கள் கூடவே வந்தது. மூச்சு வாங்க ஓட ஓட இன்னும் அதிகமாக உள்ளே போனது. அண்ணன் வழியிலேயே விழுந்துவிட்டார். அப்பா எப்படியோ திரும்பி வீட்டுத் திண்ணை வரை வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

எனக்குக் கால் நகரவில்லை. வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அது. காற்றடிக்கும் திசையைக் காட்டும் காற்றுக் கோழியைப் பார், காற்றுக்குக் குறுக்கே போ, ஈரத்துணியை முகத்தில் கட்டு. எம்ஐசி தண்ணீரோடு வினைபுரிகிற பொருள், ஒரு ஈரத் துண்டு எத்தனையோ உயிரைப் பிடித்து வைத்திருக்கும். ஆலைக்குள் இருந்தவர்கள் இதை அறிந்திருந்தார்கள், காற்று வரும் பக்கமாக ஓடித் தப்பினார்கள். அந்த மூன்று வரி சுவரைத் தாண்டி இந்த முச்சந்திக்கு வரவில்லை. டேங்க், ஸ்க்ரப்பர், ஃப்ளேர் என்று நான் மனப்பாடமாக வைத்திருந்த அத்தனையும் சுவருக்கு அந்தப் பக்கத்துக் கதை. செத்தவர்கள் இந்தப் பக்கம்.

சொல்ல ஆளே இல்லாமலும் இல்லை. 1981 டிசம்பரில் அதே ஆலையில் ஃபாஸ்ஜீன் வாயு பட்டு ஒரு தொழிலாளி இறந்தார். அதற்குப் பிறகு ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் 1982லேயே தன் சின்ன வார இதழில் எழுதினார், இந்த ஊர் எரிமலை வாயில் உட்கார்ந்திருக்கிறது என்று. ஆபா எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் கேஸ்வானியின் பெயரை மரியாதையோடு சொன்னார்.

சோலா மயானத்தைக் கடந்தபோது அவர் வேகமாக நடந்தார். அங்கே நிற்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ரயில் நிலையம் வரை போனோம். முதல் நடைமேடையில் அன்று பணியில் இறந்த ரயில்வே ஊழியர்களுக்கான நினைவுச் சின்னம் இருக்கிறது. அந்த இரவில் துணை நிலையக் கண்காணிப்பாளராக இருந்த குலாம் தஸ்தகீர், நின்றுகொண்டிருந்த கோரக்பூர் ரயிலை நேரத்துக்கு முன்பே அனுப்பிவைத்து, அதில் இருந்தவர்களைக் காப்பாற்றினார். பல ஆண்டுகள் நோயோடு இருந்து 2003இல் இறந்தார். எந்த அவசரகாலத் திட்டத்திலும் அவருக்கு அப்படி உத்தரவு எழுதியிருக்கவில்லை. எனக்கு இதில் மனம் நெடுநேரம் நின்றது. எங்கள் தொழிலில் கருவிகளைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதுகிறோம். கடைசியில் யாரோ ஒருவர் நின்ற இடத்திலேயே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது, அதற்கு அவரிடம் தகவல் இருக்க வேண்டும்.

நடை முடிந்ததும் ஆபா ஒரு பாலித்தீன் பையைத் திறந்தார். உள்ளே காகிதங்கள். மருத்துவமனைச் சீட்டுகள், இழப்பீட்டு நீதிமன்றத் தாள்கள். 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு முதலில் கைக்கு வந்தது 25,000 ரூபாய், பல வருஷம் கழித்து இன்னொரு 25,000. ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குப் பகிர வேண்டியிருந்தது. 2010 ஜூனில் ஏழு இந்திய அதிகாரிகளுக்கு இரண்டு வருஷத் தண்டனை தீர்ப்பானது, உடனே ஜாமீனும் கிடைத்தது. யூனியன் கார்பைடின் அமெரிக்கத் தலைவர் வாரன் ஆண்டர்சன் 1984 டிசம்பர் 7ஆம் தேதி கைதாகி அன்றே வெளியே வந்தார். 2014இல் இறக்கும் வரை ஒரு முறைகூட இங்கே நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அவரைத் தூக்கில் போடு என்று ஆலைச் சுவரில் எழுதியதைக் காலையில் பார்த்திருந்தேன். காலையில் அது வெறும் கோபமாகத் தெரிந்தது. அந்தப் பையைப் பார்த்த பிறகு அப்படித் தெரியவில்லை.

கிளம்பும்போது பணம் கொடுத்தேன். வாங்கவில்லை. "உங்க ஊர் சங்கை நீங்க தெருவில நின்னு கேட்டிருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

கேட்டதில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்துதான் கேட்டிருக்கிறேன்.

ஊருக்கு வந்து முதல் வேலையாக 1989ஆம் வருஷ அபாயகர ரசாயன விதிகளை எடுத்தேன். போபாலுக்குப் பிறகு வந்தவை அவை. ஆபத்து வந்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு, என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று 15ஆம் விதி சொல்கிறது. நாங்கள் தெரிவித்திருந்தோம். ஆங்கிலத்தில் பத்துப் பக்கம், ஊராட்சி அலுவலகத்துக்குத் தபாலில். ஒப்புகைச் சீட்டு கோப்பில் இருந்தது. வருஷா வருஷம் தணிக்கைக்கு வருகிறவர்கள் அந்தச் சீட்டைப் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போனார்கள். நானும் அதைச் சரி என்றுதான் நினைத்திருந்தேன்.

டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். கேட்டிலிருந்து முதல் வீடு 140 மீட்டர். ஒரு இட்லிக் கடை, பின்னாலேயே அவர்கள் குடியிருப்பு. மூன்று பிள்ளைகள்.

தமிழில் நாலே வரியில் நோட்டீஸ் போடலாம் என்றதும் மேலே எதிர்ப்பு வந்தது. ஊரை எதற்குப் பயமுறுத்துகிறீர்கள், நாளைக்கே ஆலையை மூடு என்று கொடி பிடிப்பார்கள் என்றார்கள். அந்தப் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வருஷம் இழுத்தது. அப்புறம் 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி எழுந்த ஜனங்கள் கைக்குழந்தைகளோடு இருட்டில் தெருவுக்கு ஓடி வந்தார்கள். காலையில் அந்தப் படங்களை மேசையில் வைத்தேன். யாரும் எதுவும் பேசவில்லை. நோட்டீஸில் கையெழுத்து ஆகிவிட்டது.

நோட்டீஸ் மட்டும் போதாது என்று தெரிந்தது. மகளிர் குழுக் கூட்டங்களுக்குப் போனேன். தெருவிலிருந்து தெரிகிற மாதிரி உயரத்தில் காற்றுத் துணிக்குழாய் ஒன்று கட்டினோம். அது எந்தப் பக்கம் பறக்கிறதோ அந்தப் பக்கம் ஓடாதீர்கள், பக்கவாட்டில் போங்கள், துண்டை நனைத்து மூக்கில் கட்டுங்கள் என்று செய்து காட்டினோம். பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டார்கள். ஒரு கூட்டத்தில் வயதான அம்மா ஒருவர் எழுந்து கேட்டார்: "ஏன் தம்பி, ராத்திரி கரண்ட் போயிட்டா சங்கு ஊதுமா?"

ஜெனரேட்டர் இருக்கிறது அம்மா என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் இரவு, எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, மின்சாரத்தைத் துண்டித்து ஊதச் சொன்னேன். நான் இட்லிக் கடை வாசலில் நின்றேன். சங்கு கேட்டது. ஆனால் ஜெனரேட்டர் சூடாகி எடுக்க நாற்பது விநாடி ஆனது. அந்த நாற்பது விநாடியும் தெரு இருட்டாக இருந்தது, அந்த அம்மா என் பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் சைரனுக்கென்று தனி பேட்டரி வாங்கக் கடிதம் போட்டேன்.