அவரவர் பெயரில் ஒரு டப்பா

என் பார்லருக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு மர அலமாரி இருக்கும். அதில் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாக்கள், இன்றைய கணக்குக்கு 38. ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரில் ஒரு பெயர். உள்ளே ஒரு நெயில் ஃபைல், நகத்தைப் பளபளப்பாக்குகிற பஃபர் ஒன்று, ஆரஞ்சு மரக் குச்சி இரண்டு, குதிகால் தேய்க்கிற கல் ஒன்று. மாதாமாதம் மெனிக்யூருக்கும் பெடிக்யூருக்கும் வருகிறவர்களுடையவை. முதல் தடவை வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு வைப்பீங்களா?" என்று கேட்கும்போது, இவர் அடுத்த மாதமும் வருவார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

திருச்சி தில்லைநகர் பக்கம் இரண்டே நாற்காலி போட்ட சின்ன பார்லர் என்னுடையது. பன்னிரண்டு வருடமாகிறது. ரெகுலர் கஸ்டமர்களை எப்படித் தக்கவைத்துக்கொள்கிறீர்கள் என்று, புதிதாகப் பார்லர் திறந்திருக்கும் தங்கைகள் இரண்டு மூன்று பேர் போனில் கேட்டார்கள். ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசினேன், அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரோஜா இதழ், எலுமிச்சைத் துண்டு, மெழுகுவத்தி எல்லாம் நானும் வைத்துப் பார்த்தேன். முதல் தடவை வருகிறவருக்கு அது சந்தோஷம்தான், போட்டோ எடுப்பார். நான்காவது தடவை வரும்போது அவர் அதைக் கவனிப்பதுகூட இல்லை. ரெகுலராக வருகிறவருக்கு வேண்டியது வேறு. போன மாதம் அவர் சொன்னது இந்த மாதம் நமக்கு நினைவிருக்க வேண்டும்.

அதற்காக ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒரு பக்கம். ஒரு கல்லூரிப் பேராசிரியையின் பக்கத்தில் இப்படி இருக்கும்: "இடது பெருவிரல் உள்மூலை, ஆழமாக வெட்டக்கூடாது. வலது பாதக்குழியில் கூச்சம், அழுத்திப் பிடித்தால் சரி. தண்ணீர் சூடு குறைவாக. டீ, சர்க்கரை இல்லாமல். தேர்வு சமயத்தில் வந்தால் பேச்சுக் கொடுக்க வேண்டாம்." அவர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் அந்தப் பக்கத்தை நானும் என்னோடு வேலை பார்க்கும் பெண்ணும் படித்துவிடுவோம். ஒரு நாள் நான் இல்லாதபோது அவள்தான் செய்தாள். போகும்போது பேராசிரியை அவளிடம், "உங்க அக்கா மாதிரியே பாத்துக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்று மாலை அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

தண்ணீர்ச் சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சொந்தமாகத் தொடங்குவதற்கு முன்பு வேறு ஊரில் ஒரு பார்லரில் வேலை பார்த்தேன். அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மா வந்தார். சூடாக இருக்கட்டும் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றி அவர் கால் இரண்டையும் உள்ளே வைத்தேன். "நல்லா இதமா இருக்கும்மா" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் காலைத் தூக்கினால் கணுக்கால் வரைக்கும் கோடு போட்ட மாதிரி சிவப்பு. மறுநாள் கொப்பளம். அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போயிருந்தது, சூடு அவருக்குத் தெரியவே இல்லை. நாங்கள் யாரும் கேட்கவில்லை. என் கையால்தான் அது நடந்தது, இன்றும் வெந்நீர் ஊற்றும்போதெல்லாம் அந்தச் சிவப்புக் கோடு ஞாபகம் வரும்.

அதிலிருந்து தெர்மாமீட்டர் இல்லாமல் தண்ணீர் ஊற்றுவதில்லை. 37, 38 டிகிரி செல்சியஸ் போதும், அதாவது நம் உடம்புச் சூடு. சர்க்கரை இருப்பவர்களுக்கு ஊறவைப்பது ஐந்து நிமிடத்துக்கு மேல் கிடையாது, பிளேடு கிடையாது, நகக்கண் தோலை வெட்டுவதும் கிடையாது. நகத்தை நேராக வெட்டி மூலையை ஃபைலால் மழுக்கிவிடுவோம், விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைப்போம், இடுக்கில் கிரீம் தடவமாட்டோம். சின்னக் காயம் தெரிந்தாலும் அன்றைக்கு பெடிக்யூரே இல்லை, டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். சர்க்கரை இருக்கிறதா என்று வயதானவர்களிடம் மட்டும் கேட்டால் சிலருக்குச் சங்கடமாகிறது. அதனால் இருபது வயதுப் பெண் வந்தாலும் அதே கேள்வியைக் கேட்கிறேன்.

சுத்தம் எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அதைக் கஸ்டமர் கண் முன்னால் செய்தால் கிடைக்கிற மதிப்பே தனி. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் வாட்சன்வில் என்ற ஊரில், ஒரே பார்லரில் பெடிக்யூர் செய்துகொண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஆறாத கட்டிகள் வந்தன. தண்ணீரைச் சுழற்றுகிற தொட்டியின் வலைக்குப் பின்னால் முடியும் தோல் துகளும் சேர்ந்து, அங்கே கிருமி வளர்ந்திருந்தது. பெடிக்யூருக்கு முன்பு காலை ஷேவ் செய்துகொண்டு வந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகமாக இருந்ததாம். பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டபோதே முடிவு செய்துவிட்டேன், குமிழி விடுகிற தொட்டி எனக்கு வேண்டாம். சாதாரண எவர்சில்வர் பேசின்தான். அவர்கள் உட்கார்ந்த பிறகு அவர்கள் முன்னாலேயே தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி போட்டு, அதன் பாட்டிலில் போட்டிருக்கிற நேரம் வரை வைத்திருந்து அலசுவோம். இரும்புச் சாமான்கள், நீராவியில் கிருமியைக் கொல்லுகிற ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வெந்து, ஒட்டிய பையில் இருக்கும். அந்தப் பையை அவர்கள் எதிரில்தான் கிழிப்போம். ஃபைலையும் கல்லையும் அப்படிச் சுத்தம் செய்ய முடியாது, அதனால்தான் ஆளுக்கொரு டப்பா. வேக்சிங் செய்த அன்றே பெடிக்யூர் கேட்டால், இரண்டு நாள் போகட்டும் என்பேன். ஒரு நாள் வரும்படி போனால் போகட்டும்.

மெட்டி விஷயம் எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. பெரும்பாலானவர்கள் கழற்ற விரும்பமாட்டார்கள், நாமும் கேட்கக்கூடாது. ஆனால் அதற்கடியில் ஈரமும் சோப்பும் தேங்கித் தோல் வெளுத்து ஊறிப்போயிருக்கும், சிலருக்கு அரிப்பும் இருக்கும். நான் மெட்டியை மெல்ல நகத்துப் பக்கம் தள்ளி, குழந்தைகள் பல் துலக்குகிற மெத்தென்ற பிரஷால் அந்த வளையத் தடத்தைத் தேய்ப்பேன். பிறகு மெல்லிய பருத்தித் துணியை ஒரு விரல்கடை அகலத்துக்குக் கிழித்து, மெட்டிக்கு அடியில் நாடா கோர்ப்பது போல் நுழைத்து, இரண்டு முனையையும் பிடித்து இப்படியும் அப்படியும் இழுப்பேன். ஈரம் முழுக்க வந்துவிடும். பிறகு மெட்டியைப் பழைய இடத்துக்கே இறக்கிவிடுவேன். ஒரு நிமிட வேலைதான். இதைச் செய்யும்போது பேசிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்ப்பார்கள்.

அப்புறம் நாள் கிழமை. செவ்வாய், வெள்ளி நகம் வெட்டக்கூடாது, விளக்கு வைத்த பிறகு வெட்டக்கூடாது என்று பார்க்கிறவர்கள் என் கஸ்டமர்களில் பாதிப் பேர். அவர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் ஓய்வென்று வந்தால் ஸ்க்ரப், மசாஜ், பஃபிங், பாலிஷ் மட்டும் செய்து, வெட்டுகிற வேலையை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்வேன். தொழுகைக்கு முன்பு கை கால் கழுவும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டும் என்பதால் பாலிஷ் போடாத இஸ்லாமிய சகோதரிகள் வருகிறார்கள். அவர்களிடம் கலர் அட்டையை நீட்டி "எந்தக் கலர்?" என்று கேட்பதில்லை. பஃபரால் தேய்த்துக் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு எடுத்துக் கொடுப்பேன், ரமலான் முடியும் சமயத்தில் வீட்டு மருதாணி அரைத்து வைத்திருப்பேன். அந்தப் பளபளப்பையும் அடிக்கடி எடுக்கக்கூடாது, நகம் மெலிந்துவிடும், மாதம் ஒரு தடவைக்கு மேல் நான் செய்வதில்லை.

மார்கழியில் விடியற்காலைப் பனியில் வெறுங்காலோடு நின்று கோலம் போடுகிறவர்களுக்குப் பித்தவெடிப்பு அதிகமாகும். அந்த மாதம் ரெகுலர்களுக்கு நானே போன் செய்து, ராத்திரி படுக்கும்போது யூரியா கிரீம் தடவி சாக்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்வேன். மாதாமாதம் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகிற ஓர் அக்கா இருக்கிறார், 14 கிலோமீட்டர் வெறுங்கால் நடை. அவருக்குக் காய்ப்பை முழுக்கத் தேய்த்து எடுக்கமாட்டேன். அந்தத் தடித்த தோல்தான் அவருக்குச் செருப்பு. ஓரத்தில் வெடிக்கிற இடத்தை மட்டும் மழுக்கி அனுப்புவேன், பௌர்ணமி கழித்து மூன்றாம் நாள் நல்லெண்ணெய் சூடு காட்டிப் பிடித்துவிடுவேன்.

பத்து தடவை வந்தால் ஒன்று இலவசம் என்கிற கார்டு எனக்குப் பிடிக்காது, கணக்குப் பார்த்து வருகிற மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு வாரத்துக்குள் பாலிஷ் பெயர்ந்தால் காசில்லாமல் சரிசெய்து கொடுப்பேன், அவ்வளவுதான்.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். போன வருடம் ஆடியில், நர்ஸாக இருக்கும் ஒரு தங்கையின் வலது பெருவிரலில் கேஸ் சிலிண்டர் விழுந்துவிட்டது. டாக்டரிடம் காட்டி வலியெல்லாம் போன பிறகு வந்தாள். நகத்தின் அடிப்பாகத்தில் கரும்புள்ளி, மிளகு அளவு. "போகுமாக்கா?" என்று கேட்டாள். கைவிரல் நகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டர் வளரும், கால் நகம் அதில் பாதிதான், பெருவிரல் நகம் முழுக்க மாற ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், தேய்த்து எடுக்க முடியாது, காத்திருக்கலாம் என்றேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை வரும்போதும் நகத்தின் அடியிலிருந்து அந்தப் புள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று சின்ன ஸ்கேலில் பார்த்து நோட்டில் அவளுடைய பக்கத்தில் எழுதினோம். பொங்கலுக்கு நகத்தின் பாதிக்கு வந்திருந்தது. நைட் ட்யூட்டி முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு வந்து உட்கார்ந்தாலும் முதலில் காலைத்தான் நீட்டுவாள்.

போன வாரம் வந்தாள். கறுப்பு, நகத்தின் நுனியில் ஒரு கீற்றாக நின்றது. நேராக ஒரு வெட்டு, துண்டு என் உள்ளங்கையில் விழுந்தது. அவள் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இத்தனை மாதமும் காலுக்குக் கலர் வேண்டாம், புள்ளி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், கலர் அட்டையை எடுக்கச் சொல்லி, ரொம்ப நேரம் யோசித்து, மெரூனில் விரலை வைத்தாள்.