கோர்ட் குடுத்துடுச்சு, ஆனா மனசு?

சிங்கப்பூர்ல ஒரு லாயர் ஆபீஸ்ல எஸ்டேட் ஃபைல் பாக்குறது என் வேலை. யாராவது இறந்துட்டா சொத்து யாருக்குப் போகணும்னு பேப்பர் ரெடி பண்ணணும். முஸ்லிம் குடும்பம்னா 1966ல வந்த முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டப்படி ஃபராயித் பங்கு, அதாவது இஸ்லாமிய வாரிசுக் கணக்கு, அதுக்கு ஷரியா கோர்ட் சர்டிஃபிகேட் வேணும். நான் முஸ்லிம் இல்ல, ஆனா கணக்கு மனப்பாடம். ஆண் பிள்ளையும் இல்ல, அத்தா அம்மாவும் இல்லன்னா மனைவிக்கு 1/8, ரெண்டு பொண்ணுக்கும் சேத்து 2/3, மிச்சம் 5/24 இறந்தவரோட தம்பிக்கு.

சிக்கல் எச்டிபி வீட்டுலதான், அதாவது கவர்மென்ட் கட்டிக் குடுக்குற அடுக்குமாடி வீட்டுல. புருஷன் பொண்டாட்டி ஜாயின்ட் டெனன்சியா வாங்குவாங்க, ஒருத்தர் போனா முழு வீடும் இன்னொருத்தருக்கு. பழைய ஃபத்வா, அதாவது மார்க்க அறிஞர்கள் குடுத்த தீர்ப்பு, அதை ஒத்துக்கல, இறந்தவரோட பாதிய வாரிசுங்களுக்குப் பிரிக்கணும்னு சொல்லுச்சு. 2010ல அப்பீல் கோர்ட், முஸ்லிமா இருந்தாலும் வீடு உயிரோட இருக்கிறவருக்குத்தான்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. அதுக்கப்புறமும் எங்க டேபிளுக்கு வந்த கடையநல்லூர்க்கார அக்கா ஒருத்தங்க, "கோர்ட்டு குடுத்துடுச்சு தம்பி, கொழுந்தன் பங்கை நான் தின்னா நாளைக்கு அல்லாட்ட என்ன சொல்லுவேன்?"னு கேட்டாங்க. எங்க லாயருக்கே பேச்சு வரல.

2019ல சிங்கப்பூர் இஸ்லாமிய மன்றமான முயிஸோட ஃபத்வா கமிட்டி, ஜாயின்ட் டெனன்சி மார்க்கப்படியும் செல்லுபடியாகுற ஒப்பந்தம்தான், வீடு மிச்சமிருக்கிறவருக்கேன்னு மாத்தி சொன்னாங்க. கவர்மென்டுக்காக வளைஞ்சுட்டாங்கன்னு முணுமுணுக்கிறவங்க உண்டு, கமிட்டித் தலைவரான முஃப்திய நியமிக்கிறதே ஜனாதிபதிதானே, அந்த சந்தேகம் வர்றதுல தப்பில்ல. ஆனா எனக்கு அப்படித் தோணல. தம்பிக்குப் பங்கு போனது அண்ணன் குடும்பத்தைத் தாங்குற பொறுப்போட சேந்துதான், இங்க தம்பி வேற பிளாக்குல தன் வீட்டு லோனையே கட்ட முடியாம இருக்கார். 1989லருந்து எச்டிபில இனக் கோட்டா இருக்கு, சீனர், மலாய்க்காரர், நம்மாளுன்னு கலந்துதான் குடியிருக்கணும். பக்கத்து வீட்டு சீனப் பாட்டி போட்ட அதே கையெழுத்தைத்தான் இந்த அக்காவும் போட்டாங்க. அந்த ஒப்பந்தத்துக்கு மார்க்கத்துக்குள்ளேயே இடம் தேடினதை வளைஞ்சதுன்னு என்னால சொல்ல முடியல.

இதுக்காக ஃபராயித் போயிடலங்க. ஆளுக்கு இவ்வளவுன்னு தனித்தனிப் பங்கா வாங்குற டெனன்சி இன் காமன்னா இறந்தவர் பங்கு பழையபடி ஃபராயித்துதான். அதனால யார் வந்தாலும் குடும்பக் கதை கேக்குறதுக்கு முன்னாடி வீட்டுப் பத்திரத்துல எந்த டெனன்சின்னு பாத்துட்டுத்தான் பேச்சே.