ராஜினாமா கொடுத்த துணை விமானிக்கு என்ஓசி கிடைத்த கதை

புது நிறுவனத்தின் நேர்காணலும் சிமுலேட்டர் சோதனையும் சிக்கலில்லாமல் முடிந்தன. ஏ320 விமானம் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆஃபர் கைக்கு வந்தபின் பழைய நிறுவனத்திடம் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி வெளியே வருவதற்குள்தான் பட்டபாடு கொஞ்சமல்ல. மலிவுக் கட்டண நிறுவனங்களில் ஃபர்ஸ்ட் ஆஃபீசராக (துணை விமானியாக) இருக்கும் தம்பி, தங்கைகளில் யாராவது இடம் மாறும் யோசனையில் இருந்தால், கடிதம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சம்பளத்துக்காக நான் கிளம்பவில்லை. ரோஸ்டர், அதாவது பணி அட்டவணைதான் காரணம். அப்போது இருந்த விதிப்படி இரவு என்பது நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 வரை. 5.05-க்கு ரிப்போர்டிங் போட்டால் காகிதத்தில் அது பகல் வேலை. வீடு கூடுவாஞ்சேரியில், அழைத்துப்போக வருவது மற்ற க்ரூவையும் ஏற்றிக்கொண்டு போகும் வண்டி. மூன்று மணிக்கு முன்னாலேயே எழுந்து தயாராக வேண்டும். அப்படி எழுந்து நான்கு செக்டார் (ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு செக்டார்) ஓட்டிவிட்டு வந்தால், அடுத்த நாளும் 5.10, அதற்கடுத்த நாளும் அதே மாதிரி. விதி மீறப்படவே இல்லை, ஆனால் உடம்பு தூங்கவும் இல்லை. நான்காவது செக்டாரில் இறங்கும்போது கண்கள் எரிவதை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பின்னால் நூற்று எண்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிளம்புவது என்று முடிவெடுத்தாலும், எப்போது கிளம்புவது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. கேப்டன் ஆகத் தேவையான ஏடிபிஎல் உரிமம் கையில் இருந்தது. கமாண்ட் (கேப்டன்) பயிற்சிக்கான பட்டியலில் என் பெயர் வரும் நேரம். "கேப்டன் ஆகப்போற நேரத்துல எவனாவது வேலைய விடுவானா?" என்று வீட்டில் அப்பா கேட்டார். பயிற்சிக்கு வாங்கிய கடனை நினைத்து அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் என்னோடு அடிக்கடி பறந்த மூத்த கேப்டன் ஒருவர் வேறு கணக்கைச் சொன்னார்: "தம்பி, நாலு பட்டை தோள்ல ஏறினதும் உன் நோட்டீஸ் ஒரு வருஷம் ஆயிடும். அதோட புது பாண்டு வேற. போறதா இருந்தா இப்பவே போ."

அவர் சொன்னது சரி. பாண்டு என்பது பயிற்சிக்கு ஈடாக இத்தனை ஆண்டு வேலை செய்வேன், இல்லாவிட்டால் பணம் கட்டுவேன் என்று எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம். 2017-ல் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ மாற்றிய விதிப்படி துணை விமானிக்கு ஆறு மாத நோட்டீஸ், கமாண்டருக்கு ஒரு வருடம். புது இடத்தில் சீனியாரிட்டி அடியிலிருந்து தொடங்கும், கமாண்ட் தள்ளிப்போகும், சென்னை பேஸ் (பணித்தளம்) கிடைக்காது. மூன்றும் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன். தூக்கத்தின் மதிப்பு எனக்கு அதைவிடப் பெரிதாக இருந்தது.

முதல் தகராறு தேதியில் வந்தது. நான் மின்னஞ்சல் அனுப்பிய நாளிலிருந்து ஆறு மாதம் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஹெச்ஆர், தாங்கள் "ஏற்றுக்கொண்ட" நாளிலிருந்துதான் என்றார்கள். அந்த ஏற்பு மின்னஞ்சலை அனுப்பாமலே வாரக்கணக்கில் இழுத்தடித்துவிட்டுச் சொன்ன பதில் இது. விதி பேசுவது நாம் நோட்டீஸ் கொடுப்பதைப் பற்றி. நிறுவனம் விரும்பினால் ராஜினாமாவை ஏற்று முன்கூட்டியே விடுவிக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. ஏற்காமல் காலத்தை நீட்டலாம் என்று இல்லை. அந்தப் பத்திகளை அப்படியே எடுத்துப்போட்டு, ஹெச்ஆரோடு ஆபரேஷன்ஸ் தலைமைக்கும் சேர்த்து எழுதினேன். தொலைபேசியில் கூப்பிட்டு, 2023-ல் ஆகாசா ஏர் நோட்டீஸ் முடிக்காமல் போன விமானிகள்மீது வழக்குத் தொடுத்ததை நினைவுபடுத்தினார்கள். நான் நோட்டீஸை முடிக்கத் தயாராக இருப்பவன், என்னிடம் ஏன் அதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். பிறகு தேதி என் கணக்குப்படியே வந்தது. தொலைபேசியில் பேசியதையெல்லாம் அன்றே "நாம் பேசியபடி" என்று மின்னஞ்சலாக எழுதி அனுப்பிவிடுங்கள். கடைசிவரை என்னைக் காப்பாற்றியது அந்தப் பழக்கம்தான்.

அடுத்து ரோஸ்டரிலேயே கை வைத்தார்கள். பறக்கும் நாட்கள் குறைந்து, கூப்பிட்டால் போகத் தயாராகக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை மேல் ஸ்டாண்ட்பை. நம் சம்பளத்தில் பறக்கும் மணிநேரத்துக்கான பங்கு எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். அது பாதியாகக் கரைந்தது. பணத்தைவிடப் பெரிய ஆபத்து ரீசென்சி, அதாவது அண்மையில் பறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை. 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் இல்லாவிட்டால் சிமுலேட்டர் போட்டுத்தான் திரும்பப் பறக்க முடியும். கிளம்பப்போகிறவனுக்கு எந்த நிறுவனம் சிமுலேட்டர் நேரம் ஒதுக்கும்? நோட்டீஸ் காலத்தில் விமானி பறக்க மறுக்கக் கூடாது, நிறுவனமும் அவருடைய நியாயமான உரிமைகளைப் பறிக்கக் கூடாது என்று அதே விதியில் எழுதியிருக்கிறது. முதல் பாதியை மட்டும்தான் ஹெச்ஆர் நமக்குச் சொல்வார்கள். இரண்டாம் பாதியை எழுத்தில் சொன்ன பிறகு ரோஸ்டரில் மறுபடி விமானங்கள் வந்தன, முன்போல இல்லாவிட்டாலும்.

பாண்டு கணக்கில் கழிக்க வேண்டிய ஆண்டுகளைக் கழிக்காமல் தொகை போட்டிருந்தார்கள். ஒப்பந்த நகலைக் காட்டியதும் திருத்தினார்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட என்னை நோகடித்தது ஒரு துண்டுச் சீட்டு. கடைசி நாளன்று டேப்லெட், கையேடுகள், சீருடை, விமான நிலைய நுழைவு அட்டை எல்லாவற்றையும் சென்னை அலுவலகத்தில் ஒப்படைத்தேன். நுழைவு அட்டைக்கு ரசீது கேட்டேன். "அதெல்லாம் மெயில்ல போயிடும் சார், நீங்க கிளம்புங்க" என்றார் அங்கிருந்த ஊழியர். போகவில்லை. தலைமையகத்தில், அட்டை ஒப்படைத்ததற்குச் சான்று இல்லாமல் நோ-ட்யூஸ் (பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று) போட முடியாது, நோ-ட்யூஸ் இல்லாமல் என்ஓசி கிடையாது என்றார்கள். சென்னையில் கேட்டால், அதைக் கவனிப்பவர் விடுப்பு. திரும்பப் போனால் ஆள் இருந்தார், சிஸ்டத்தில் பதிவு இல்லை என்றார். என் கையிலிருந்து வாங்கிய அட்டையை நான் தொலைத்துவிட்டதாகப் போலீசில் புகார் கொடுத்து நகல் கொண்டுவரச் சொன்னார். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட அட்டை அது. தொலைக்காத ஒன்றைத் தொலைத்தேன் என்று எழுதிக்கொடுத்தால், என் பெயரில் அது நிரந்தரமாக நிற்கும். மறுத்துவிட்டேன்.

என்னிடமிருந்து அட்டையை வாங்கிக்கொண்ட அன்று ஒரு நீளமான பதிவேட்டில் நான் கையெழுத்துப் போட்டது நினைவிருந்தது. அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்று கேட்டு, காட்டும்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மாலையில் அலமாரியிலிருந்து எடுத்தார்கள். அட்டை எண், தேதி, என் கையெழுத்து, வாங்கியவரின் கையெழுத்து, எல்லாம் இருந்தன. அவருடைய அனுமதியோடு படமெடுத்து அங்கிருந்தபடியே தலைமையகத்துக்கு அனுப்பினேன். அதன் பிறகுதான் என்ஓசி வந்தது. அதற்குள் புது நிறுவனத்தில் என் பயிற்சி பேட்ச் தொடங்கிவிட்டது. அடுத்த பேட்ச் வரும்வரை சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தேன். ஒரு துண்டுச் சீட்டை எழுதிக்கொடுக்க யாருக்கும் நேரமில்லாததால் ஒரு குடும்பத்தின் வருமானம் நின்றது. இதை நினைக்கும்போது இன்றும் கோபம் வருகிறது.

இன்னொரு விஷயம். டிஜிசிஏவின் இ-ஜிசிஏ தளத்தில் உங்கள் லாக்புக் (பறந்த நேரக் கணக்கு) பதிவுகளைக் கடைசி நாளுக்கு முன்பே நிறுவனத்திடம் அப்ரூவ் வாங்கிவிடுங்கள். வெளியே வந்தபின் நம் மின்னஞ்சலுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. சோதனைப் படிவங்கள் முதல் சிஆர்எம் (விமானக் குழு ஒருங்கிணைப்பு), அபாயகரப் பொருட்கள் பயிற்சிச் சான்றிதழ்கள் வரை பயிற்சிக் கோப்பின் நகல் முழுவதையும் ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே எடுத்துவையுங்கள். நிறுவனக் கணக்கின் மின்னஞ்சல் கடைசி நாள் இரவே மூடப்படும். தேவையானவற்றை உங்கள் சொந்தப் பிரதியாக வைத்திருங்கள்.

நான் வெளியே வந்தபின் விதிகள் மாறின. 2024 ஜனவரியில் அறிவித்த புதிய பணிநேர விதிகள், நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையிலும் நவம்பரிலும் இரண்டு கட்டமாக வந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது. இரவு காலை 6 வரை நீண்டது, இரவு லேண்டிங் ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. டிசம்பரில் இண்டிகோவின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, விமானிகளுக்கு ஓய்வு கொடுத்ததுதான் காரணம் என்பதுபோலப் பலர் பேசினார்கள். அது எனக்கு வலித்தது. ஏறக்குறைய இரண்டு வருடம் முன்னறிவிப்பு இருந்த விதி அது. போதுமான விமானிகளை எடுத்து வைத்திருக்க வேண்டியது நிர்வாகம். வெளியேற ஒரு விமானி ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்றால், ஆளெடுக்க நிறுவனத்துக்கு அதுவே போதுமான அவகாசம்தானே?

கடைசி செட்டில்மென்ட் எனக்கு இன்னும் பாக்கி. டைப் ரேட்டிங் (குறிப்பிட்ட விமான வகையை ஓட்டும் தகுதி) பாண்டுக்காக முதல் நாள் வாங்கிவைத்த தேதியிடாத காசோலையும் திரும்பவில்லை. எழுத்தில் கேட்டிருக்கிறேன், வங்கியிலும் அந்தக் காசோலைக்கு ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிட்டேன். நீங்கள் இன்னும் பாண்டில் கையெழுத்துப் போடும் கட்டத்தில் இருந்தால், கொடுக்கும் காசோலையின் எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.