உள்ளூர்க் கல்லூரியில் கணினி பவுண்டேஷன் டிகிரி: இரண்டு ஆண்டு அனுபவம்

லண்டனில் வாழும் நம்மவர்களிடம் பட்டப்படிப்பு என்றால் பதினெட்டு வயதில் பல்கலைக்கழகம் போவதுதான் என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வர்த்தகப் பிரிவில் உயர்தரம் முடித்து, திருமணமாகி இங்கு வந்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு தமிழ்க் கடையொன்றில் பகுதிநேரமாக வேலை செய்துவந்த நான், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரக்கூடிய கல்லூரியில் 2023 செப்டெம்பரில் கணினித்துறை பவுண்டேஷன் டிகிரிக்குச் சேர்ந்து, 2025 கோடையில் முடித்தேன். என் நிலையில் உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்று உறுதியாக நம்புவதால், படிப்பு எப்படி நடந்தது என்பதை விரிவாகவே எழுதுகிறேன்.

பலர் இதைப் பவுண்டேஷன் ஆண்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது பட்டப்படிப்புக்கு முன்னர் வரும் ஆயத்த ஆண்டு. பவுண்டேஷன் டிகிரி தனியாகவே ஒரு தகைமை. இங்கிலாந்தில் 2001இல் தொடங்கிய இந்தப் படிப்பில் முதலாண்டுக்குரிய நான்காம் நிலையில் 120, இரண்டாம் ஆண்டுக்குரிய ஐந்தாம் நிலையில் 120 என மொத்தம் 240 கிரெடிட் (படிப்பின் அளவைக் குறிக்கும் அலகு) இருக்கிறது. ஹானர்ஸ் பட்டத்துக்கு வேண்டிய 360 கிரெடிட்டில் இது மூன்றில் இரண்டு பங்கு. பாடம் நடப்பது கல்லூரியில் என்றாலும், சான்றிதழை வழங்குவது பெரும்பாலும் அந்தக் கல்லூரியோடு இணைந்த பல்கலைக்கழகமாக இருக்கும்.

சேருவதற்கு என் உயர்தரப் பெறுபேறு பயன்பட்டது. வெளிநாட்டுச் சான்றிதழ்களின் தரத்தை ஒப்பிட்டு உறுதிப்படுத்தும் யுகே எனிக் நிறுவனத்தின் கடிதத்தைக் கல்லூரி கேட்டது. இங்கு பாடசாலையில் 16 வயதளவில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சை ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் என்னிடம் இல்லாததால், அதற்கு மாற்றான பங்ஷனல் ஸ்கில்ஸ் தகைமையின் இரண்டாம் நிலையை முந்தைய ஆண்டில் மாலை வகுப்பில் முடித்திருந்தேன். அந்தத் தகைமை இல்லாத, 19 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த வகுப்பு இங்கே இலவசம். பட்டப்படிப்பு அனுமதிக்கான யூகாஸ் விண்ணப்பத்தில் 4,000 எழுத்துக்குறிகளுக்குள் நம்மைப் பற்றி எழுத வேண்டும். கடையில் சரக்குக் கணக்கைக் கொப்பியில் எழுதிவந்த அனுபவத்தை அதில் விவரித்திருந்தேன். நேர்முகத்தில் விரிவுரையாளர் அதைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார்.

பணத்தைப் பற்றிய பயம்தான் பலரைத் தடுக்கிறது. நான் சேர்ந்த ஆண்டில் பல்கலைக்கழகங்கள் அறவிடக்கூடிய உச்சக் கட்டணம் 9,250 பவுணாக இருந்தது. எங்கள் கல்லூரியின் கட்டணம் அதைவிடக் குறைவு. அரசின் மாணவர் நிதியுதவி அமைப்பான ஸ்டூடன்ட் பைனான்ஸ் தரும் கட்டணக் கடன் நேராகக் கல்லூரிக்கே போய்விடும். வாழ்க்கைச் செலவுக் கடனும், முழுநேரமாகப் படிக்கும் பெற்றோருக்கான பிள்ளைப் பராமரிப்பு மானியமும் குடும்ப வருமானத்தைப் பொறுத்தவை. 2023 ஓகஸ்டுக்குப் பின் படிக்கத் தொடங்கியவர்கள் ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டும்போது, தாண்டிய தொகையில் 9 சதவீதத்தைத்தான் திருப்பிச் செலுத்த வேண்டும். 40 ஆண்டுகளின் பின் மீதி தள்ளுபடியாகும். ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்களுக்கு, அது இலங்கைப் பட்டமாக இருந்தாலும், இந்தக் கடன் பொதுவாகக் கிடைப்பதில்லை என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

வகுப்புகள் எல்லாம் வாரத்தில் இரண்டு நாள்களுக்குள் அடங்கியிருந்ததால் கடை வேலையை விட வேண்டிய தேவை வரவில்லை. ஆனால் மீதி நாள்கள் ஓய்வு நாள்கள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணித்தியாலப் படிப்பு என்பது இங்குள்ள கணக்கு. ஆண்டுக்கு 120 கிரெடிட் என்றால் 1,200 மணித்தியாலம். அதில் பெரும்பகுதியை வீட்டில் நாமாகவே படித்து நிரப்ப வேண்டும். பிள்ளைகள் உறங்கிய பின்னர் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பது எங்கள் வகுப்பில் பலருக்கும் வழக்கமாக இருந்தது. வகுப்பு சிறியது; பகலில் பொதிகள் விநியோகிப்பவர், மருத்துவமனையில் பணிபுரிபவர், அப்போதுதான் பாடசாலை முடித்த இளைஞர் என்று கலந்திருந்தோம். கேள்வி கேட்கக் கூச்சப்படத் தேவையில்லாத அந்தச் சூழலுக்கு நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலாண்டில் பைத்தான் நிரல்மொழி, வலையமைப்பு, இணையத்தள வடிவமைப்பு, கணினிக் கட்டமைப்பு ஆகியவை இருந்தன. வலையமைப்பில், ஒரு வலையமைப்பைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெற் கணக்கு எல்லோரையும் கலங்கடித்தது. 256 முகவரிகள் கொண்ட 192.168.10.0 என்ற வலையமைப்பை /26 என்ற அளவில் பிரித்தால் நான்கு பகுதிகள் வரும், ஒவ்வொன்றிலும் 64 முகவரிகள் இருக்கும், முதலாவதும் கடைசியும் ஒதுக்கப்பட்டுவிடுவதால் 62 கருவிகளைத்தான் இணைக்கலாம் என்பதை இரும எண்களில் எழுதிப் பார்த்த பிறகுதான் அது மனதில் நின்றது. சூத்திரத்தை மனனம் செய்தவர்கள் எண் மாறியதும் திணறினார்கள்.

என்னை இத்துறைக்குள் முழுமையாக இழுத்தது தரவுத்தளப் பாடம். உண்மையான சிறு வணிகமொன்றுக்குத் தரவுத்தளம் வடிவமைக்க வேண்டும் என்று ஒப்படை வந்தபோது, கடை உரிமையாளரான அண்ணாவிடம் கேட்டேன். “தங்கச்சி, முடியப்போற சாமானை முன்னுக்கே சொல்லுற மாதிரி ஒண்டு செய்து தர ஏலுமோ?” என்பதுதான் அவருடைய ஒரே கோரிக்கை. கேட்பதற்கு எளிது. ஆனால் அரிசிமா பெட்டியாக வந்து பக்கற்றாக விற்கப்படுகிறது. முருங்கைக்காய் நிறுத்து விற்கப்படுகிறது. கறிவேப்பிலைக்குப் பார்கோடே இல்லை. ஒரே விநியோகஸ்தரின் பெயரும் தொலைபேசி எண்ணும் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தன. ஓரிடத்தில் எண்ணைத் திருத்தினால் மற்ற இடங்களில் பழையதே நிற்கும். எட்கர் காட் 1970இல் முன்வைத்த அட்டவணை முறையும், அதிலிருந்து வளர்ந்த, ஒரே விவரம் பல இடங்களில் திரும்ப வராமல் அட்டவணைகளைப் பிரிக்கும் நோர்மலைசேஷன் விதிகளும் எந்தச் சிக்கலைத் தீர்க்கப் பிறந்தவை என்பதை அந்தக் கொப்பியை வைத்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

பொருட்களுக்கான அட்டவணையில் வற் எனப்படும் பெறுமதிசேர் வரி வீதத்தையும் சேர்த்திருந்தேன். சாதாரண பிஸ்கட்டுக்கு வரி பூச்சியம், சொக்லேட் பூசிய பிஸ்கட்டுக்கு 20 சதவீதம் என்பதால் அது பொருளுக்குரிய விவரம்தான். வடிவமைப்பைப் பார்த்த விரிவுரையாளர், “நாளை அரசாங்கம் வீதத்தை மாற்றினால் போன வருடத்துப் பற்றுச்சீட்டில் என்ன தொகை வரும்?” என்று கேட்டார். இந்த நாட்டில் வற் 2008 டிசம்பரில் 15 சதவீதமாகக் குறைந்து, 2010இல் 17.5க்குத் திரும்பி, 2011 ஜனவரியில் 20 ஆனது. ஆகவே விற்பனை நடந்த நேரத்து விலையும் வரி வீதமும் விற்பனைப் பதிவிலேயே தனியாக நிற்க வேண்டும்; மேலோட்டமாகப் பார்த்தால் திரும்ப எழுதுவதுபோல் தோன்றினாலும், அது வேறொரு உண்மையைப் பதிவு செய்கிறது. எப்போது பிரிக்க வேண்டும், எப்போது பிரிக்கக் கூடாது என்று சிந்திக்கக் கற்றது எனக்கு இந்தப் படிப்பின் மிகப் பெரிய பயன்.

பவுண்டேஷன் டிகிரியில் வேலைத்தளக் கற்றல் இன்றியமையாத பகுதி. இரண்டாம் ஆண்டில் அதே கடையை என் வேலைத்தளமாகக் கல்லூரி ஏற்றுக்கொண்டது. வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி எண், நிலுவைத் தொகை எல்லாம் உள்ள கடன் கொப்பியையும் கணினியில் ஏற்றலாமா என்று அண்ணா கேட்டபோது, தொழில்நெறிப் பாடத்தில் படித்த 2018ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடனே கைகொடுத்தது. எந்த விவரம் உண்மையில் தேவை, யார் அதைப் பார்க்கலாம், கடன் தீர்ந்தபின் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்த பின்னரே அந்தப் பகுதியைச் செய்தேன்.

எழுத்து வேலையும் நிறைய உண்டு. ஊரில் விரிவுரைக் குறிப்பை மனனம் செய்து பரீட்சை எழுதிப் பழகியவர்களுக்கு, ஒவ்வொரு கூற்றுக்கும் ஹார்வர்ட் முறையில் ஆதாரம் காட்டி, அதன்பின் சொந்த மதிப்பீட்டையும் எழுதுவது புதிய பழக்கம். கல்லூரி நூலகத்தில் இதற்கென்றே உதவியாளர் இருந்தார். ஒவ்வொரு ஒப்படைக்கும் அவரிடம் போனேன். பிறர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் டேர்னிட்டின் மென்பொருள் காட்டும் ஒற்றுமைச் சதவீதத்தைப் பார்த்து வீணாக அஞ்ச வேண்டியதில்லை. ஆதாரப் பட்டியலையும் மேற்கோளையும்கூட அது எண்ணக்கூடும், தீர்மானிப்பது விரிவுரையாளர்தான்.

சேருவதற்கு முன் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி, ஹானர்ஸ் பட்டத்துக்கான இறுதி ஆண்டு எங்கே, எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்பது. சில இடங்களில் டொப்-அப் எனப்படும் அந்த இறுதி ஆண்டு அதே கல்லூரியில் உண்டு. சில இடங்களில் இணைந்த பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். குறிப்பிட்ட சராசரிப் புள்ளிகளைக் கேட்பவையும் இருக்கின்றன. நான் இதைச் சேர்வதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் பெற்றுக்கொண்டதால், 2025 செப்டெம்பரில் தடையின்றி ஆறாம் நிலைக்குச் செல்ல முடிந்தது. அந்த ஆண்டுக்கும் கட்டணக் கடன் கிடைத்திருக்கிறது. இறுதித் திட்டத்துக்குக் காலாவதித் திகதியை வைத்துச் சரக்கு வாங்கும் அளவைக் கணிப்பதை எடுத்திருக்கிறேன்.